சேஷாசலம் துப்பாக்கிச்சூடும் முரண்பட்ட செய்திகளும்

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அதிகாலையில், ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இறந்தவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவார ஊர்களையும் சேர்ந்தவர்கள். இந்த நிகழ்வைப் பற்றி முதல் சில நாட்களில் வெளியான செய்திகள் ஒன்றுக்கொன்று பெரிதும் முரண்பட்டன. அந்த முரண்பாடுகள் என்னென்ன, அவை எப்படி ஏற்பட்டன, செய்தியின் துல்லியம் ஏன் முக்கியமாகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஜவ்வாது மலை

ஜவ்வாது மலை (சவ்வாது மலை என்றும் எழுதப்படுகிறது) கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி. இது இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பரவியுள்ளது. மலையின் முக்கிய ஊர் ஜமுனாமரத்தூர். இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். சாமை, புளி, தேன், பலா முதலியவை இவர்களுக்கு வருமானம் தருபவை. மழை பொய்க்கும் ஆண்டுகளில் கூலி வேலை தேடிக் கீழ்நாட்டுக்கும் வெளிமாநிலங்களுக்கும் செல்வது வழக்கம்.

செய்திகளில் இம்மலை அதிகம் இடம்பெறுவதில்லை. காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகம், பீமன் அருவி, கோடை விழா ஆகியவற்றையொட்டிச் சில செய்திகள் வரும். மற்றபடி இம்மக்களைப் பற்றி வெளியுலகம் அறிந்தது குறைவு. ‘மலையாளி’ என்ற பெயரைப் படித்துவிட்டு இவர்களைக் கேரளத்தவர் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். மலையில் வாழ்பவர் என்பதே அப்பெயரின் பொருள். நன்கு அறியாத மக்களைப் பற்றி எழுதும்போது பிழை எளிதில் நுழைகிறது. 2015இல் நேர்ந்ததைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி தேவை.

செம்மரமும் கூலியாட்களும்

செம்மரம் ஆந்திராவின் தென்பகுதி மலைகளில் இயற்கையாக வளரும் அரிய மரம். சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா மலைத்தொடர்கள் இதற்குப் பேர்பெற்றவை. சிவந்த இதன் வைரப்பகுதிக்குச் சீனா, ஜப்பான் முதலிய நாடுகளில் மிகுந்த விலை உண்டு. அறைகலன்கள், இசைக்கருவிகள், சாயம் ஆகியவற்றுக்கு இது பயன்படுகிறது. அழிவின் விளிம்பை நோக்கிச் செல்லும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இம்மரம் இடம்பெற்றுள்ளது. காட்டில் இதை வெட்டுவது குற்றம்.

இக்கடத்தல் பல படிகளைக் கொண்டது. வெளிநாட்டில் வாங்குபவர், துறைமுகம் வரை சரக்கைக் கொண்டுசெல்பவர், உள்ளூர் ஏற்பாட்டாளர், ஆள் சேர்க்கும் இடைத்தரகர் எனப் பலர் இருக்கின்றனர். கடைசிப் படியில் கோடரியுடன் காட்டுக்குள் செல்பவர் கூலியாள். ஜவ்வாது மலை, சித்தேரி மலை, கல்வராயன் மலை ஆகிய இடங்களிலிருந்து மரம் வெட்டத் தெரிந்தவர்களை முன்பணம் கொடுத்து இடைத்தரகர்கள் அழைத்துச் சென்றனர். பிடிபட்டால் சிறை செல்பவரும் பெரும்பாலும் இவரே.

2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் வனத்துறை அலுவலர்கள் இருவர் கொல்லப்பட்டனர். அதன்பின் தமிழ்நாட்டுக் கூலியாட்கள் நூற்றுக்கணக்கில் கைதாயினர். செம்மரக் கடத்தலைத் தடுக்க ஆந்திர அரசு தனி அதிரடிப்படை ஒன்றை அமைத்தது. 2015 ஏப்ரலில் துப்பாக்கிச்சூடு நடத்தியது இப்படையே.

முதல் நாள் செய்தி

அதிரடிப்படை அளித்த விவரம் வருமாறு: செம்மரம் வெட்டிக்கொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைக் காவலர்கள் சரணடையச் சொன்னார்கள். அவர்கள் கற்களையும் கோடரிகளையும் அரிவாள்களையும் வீசித் தாக்கினார்கள். தற்காப்புக்காகக் காவலர்கள் சுட்டார்கள். அடுத்தடுத்த இரண்டு இடங்களில் 9 பேரும் 11 பேரும் இறந்தார்கள்.

அன்று காலை நாடெங்கும் பரவிய செய்தி இதுதான். சம்பவம் நடந்த இடம் அடர்ந்த காடு. அங்கு செய்தியாளர் எவரும் இல்லை. சுடப்பட்டவர்கள் இறந்துவிட்டனர். பேசக்கூடிய நிலையில் இருந்தது ஒரே தரப்பு. அத்தரப்பின் அறிக்கை செய்தியாக வந்ததில் வியப்பில்லை. ஆனால் “காவல்துறை கூறுகிறது” என்ற சொற்கள் செய்தியின் உள்ளே ஏதோ ஒரு வரியில் இருக்க, தலைப்பிலும் தொலைக்காட்சியின் ஓடும் வரிகளிலும் அவை காணாமற்போயின. ஒரு தரப்பின் கூற்று நடந்த உண்மையாக உருமாறியது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அன்று காலையில் இறந்தவர்களின் பெயரோ ஊரோ முழுமையாகத் தெரியவில்லை. அடையாளம் காண்பதற்குக் கால அவகாசம் தேவைப்பட்டது. ஆள் யார் என்று தெரிவதற்கு முன்பே அவர் ‘கடத்தல்காரர்’ என்பது மட்டும் உறுதியாக எழுதப்பட்டது.

மாறுபட்ட தகவல்கள்

அடுத்த சில நாட்களில் வேறு தகவல்கள் வெளிவந்தன. இறந்தவர்களில் 12 பேர் திருவண்ணாமலை மாவட்டத்தினர், 7 பேர் தர்மபுரி மாவட்டத்தினர், ஒருவர் சேலம் மாவட்டத்தவர் என்று அறியப்பட்டது. செய்தியாளர்களும் உண்மையறியும் குழுக்களும் ஊர்களுக்குச் சென்றபோது உறவினர்கள் சொன்ன விவரம் காவல்துறை சொன்னதிலிருந்து வேறுபட்டது.

உடன் சென்று உயிர் தப்பியவர்கள் என்று சிலர் முன்வந்தனர். ஆந்திர எல்லைப் பகுதியில் பேருந்திலிருந்து தம்முடன் வந்தவர்களைக் காவலர்கள் இறக்கிக் கொண்டுசென்றதாக ஒருவர் கூறினார். பேருந்தில் ஒரு பெண்ணின் அருகில் அமர்ந்திருந்ததால் தம்மைக் குடும்பத்துடன் வருபவர் என்று கருதி விட்டுவிட்டார்கள் என்பது அவர் வாக்குமூலம். மனித உரிமை அமைப்பான மக்கள் கண்காணிப்பகத்தின் உதவியுடன் இத்தகைய சாட்சிகள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் கொண்டுவரப்பட்டனர்.

சம்பவ இடத்துப் படங்களும் கேள்விகளை எழுப்பின. உடல்களின் அருகே கிடந்த கட்டைகள் அப்போது வெட்டியவை போலத் தோன்றவில்லை என்றும், சிலவற்றில் பழைய வண்ணப்பூச்சு இருந்தது என்றும் பார்வையிட்டவர்கள் சுட்டினர். குண்டுகள் இடுப்புக்கு மேல் பாய்ந்திருப்பதும், நூறு பேர் தாக்கியதாகச் சொல்லப்படும் மோதலில் காவலர் தரப்பில் உயிரிழப்பு இல்லாததும் கேள்விக்குள்ளாயின. அதிரடிப்படை இவற்றை மறுத்துத் தன் விவரத்திலேயே நின்றது.

சொற்களின் வேறுபாடு

ஒரே நிகழ்வை மூன்று மொழி ஊடகங்கள் மூன்று விதமாக எழுதின. தெலுங்கு, ஆங்கில ஊடகங்கள் பலவற்றில் இறந்தவர்கள் ‘கடத்தல்காரர்கள்’. தமிழ் ஊடகங்கள் பெரும்பாலும் ‘கூலித் தொழிலாளர்கள்’, ‘அப்பாவித் தமிழர்கள்’ என்றன. ஒரு பக்கம் ‘என்கவுன்ட்டர்’, இன்னொரு பக்கம் ‘படுகொலை’.

இச்சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பைத் தன்னுள் வைத்திருக்கிறது. ‘என்கவுன்ட்டர்’, ‘மோதல்’ என்றால் இருபுறமும் தாக்கிக்கொண்டதாகப் பொருள். இருபுறமும் தாக்கிக்கொண்டார்களா என்பதே விசாரிக்க வேண்டிய கேள்வி. ‘கடத்தல்காரர்’ என்றால் சரக்கை விற்று இலாபம் பெறுபவர் என்ற எண்ணம் வரும். நாட்கூலிக்கு மரம் வெட்டச் சென்றவரையும், கப்பலில் சரக்கு அனுப்புபவரையும் ஒரே சொல்லால் அழைத்தால் முன்னவரின் குற்றம் பெரிதாகிறது, பின்னவர் கண்ணில் படாமல் மறைந்துவிடுகிறார்.

தமிழ் ஊடகங்களின் சொற்களிலும் துல்லியக் குறைவு இருந்தது. ‘20 பழங்குடியினர்’ என்று சிலர் எழுதினர். உண்மையில் இறந்தவர்கள் அனைவரும் மலைவாழ் பழங்குடியினர் அல்லர். கண்ணமங்கலம், படவேடு பக்கத்துச் சமவெளி ஊர்களைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். ‘20 பேரும் பேருந்திலிருந்து கடத்தப்பட்டனர்’ என்றும் எழுதப்பட்டது. சாட்சிகள் பேசியது தம்முடன் வந்த சிலரைப் பற்றி மட்டுமே. அச்சாட்சியம் வலுவானதாக இருக்கலாம். ஆனால் அதை 20 பேருக்கும் பொருத்துவது ஊகம். ஊகத்தை ஊகமென்று சொல்லி எழுதுவதில் தவறில்லை. உறுதியான தகவலாக எழுதும்போது அது எதிர்த்தரப்புக்கு மறுப்பதற்கு எளிய வாய்ப்பைத் தருகிறது. மெய்யான சாட்சியமும் சேர்ந்து ஐயத்துக்குள்ளாகிறது.

மூன்று தனிக் கேள்விகள்

செய்திகளின் குழப்பத்துக்கு முக்கியக் காரணம், தனித்தனியாகக் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் ஒன்றாகக் கலக்கப்பட்டதே.

முதல் கேள்வி: இவர்கள் செம்மரம் வெட்டும் நோக்கத்துடன் சென்றார்களா?

இரண்டாவது: ஏப்ரல் 7 அதிகாலையில் அந்த இடத்தில் இவர்கள் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்களா, அல்லது வேறிடத்தில் பிடித்து அங்கு கொண்டுவரப்பட்டார்களா?

மூன்றாவது: காவலர்களின் உயிருக்கு உண்மையில் ஆபத்து இருந்ததா? சுடுவதைத் தவிர வேறு வழி இல்லாத நிலை இருந்ததா?

முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை கிடைத்தாலும் மற்ற இரண்டுக்கும் விடை கிடைத்துவிடாது. காவல்துறையின் கூற்றை ஆதரித்த செய்திகள் முதல் கேள்விக்கான விடையைக் காட்டி மூன்றாவது கேள்வியை முடித்துவிட்டன. எதிர்த்தரப்பை ஆதரித்த செய்திகளோ, மூன்றாவது கேள்வியை எழுப்புவதற்கு முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்ற விடை தேவை என்று எண்ணின. அதனால் அவர்கள் மரம் வெட்டப் போகவே இல்லை என்று நிறுவ முயன்றன. இரண்டுமே தேவையற்றவை. மரம் வெட்டுவது மரண தண்டனைக்குரிய குற்றம் அன்று. அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்யும்போது அவருக்கு மரணம் விளைவிக்கும் உரிமையைக் காவலர்க்குத் தரவில்லை. தற்காப்பு உரிமை காவலர்க்கும் உண்டு. ஆனால் அது மெய்ப்பிக்கப்பட வேண்டியது.

சட்டமும் விசாரணையும்

இந்த நிகழ்வுக்கு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன், 2014 செப்டம்பர் 23 அன்று, மக்கள் குடியுரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்திருந்தது. காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் மரணம் நேர்ந்தால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். தொடர்பில்லாத வேறு பிரிவு புலனாய்வு செய்ய வேண்டும். நீதித்துறை நடுவர் விசாரணை நடக்க வேண்டும். உறவினர்க்குத் தகவல் தர வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். அதாவது, காவல்துறையின் விவரம் விசாரணையின் தொடக்கம் மட்டுமே. அதுவே முடிவாகாது என்பது சட்டத்தின் நிலை. முதல் நாள் செய்திகளில் இந்த நெறிமுறைகளைப் பற்றிய குறிப்பு ஓரிரு வரிகள் இருந்திருந்தால் வாசகர் அச்செய்தியை வேறு விதமாகப் படித்திருப்பார்.

அன்றைய தமிழ்நாட்டு முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் விசாரணை கோரி ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 3 இலட்சம் ரூபாய் உதவி அறிவிக்கப்பட்டது. இரு மாநிலங்களுக்குமிடையே பேருந்துப் போக்குவரத்து சில நாட்கள் பாதிக்கப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த குடும்பங்கள் மறு உடற்கூறாய்வு கோரி நீதிமன்றம் சென்றன. ஆறு உடல்கள் எரிக்கப்படாமல் பாதுகாக்கப்பட்டு, நீதிமன்ற ஆணைப்படி மறு ஆய்வு செய்யப்பட்டன. வழக்கு, அன்று ஆந்திரா, தெலங்கானா இரண்டுக்கும் பொதுவாக இருந்த ஐதராபாத் உயர் நீதிமன்றத்தில் நடந்தது. ஆந்திர அரசு சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. தேசிய மனித உரிமை ஆணையம் 2015 மே மாதத்தில் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணைக்கும், குடும்பங்களுக்குத் தலா 5 இலட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணத்துக்கும் பரிந்துரைத்தது. ஆந்திர அரசு அதை உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தது.

முதல் நாள் முதல் பக்கத்தில் வந்த நிகழ்வு, இந்தக் கட்டங்களில் உள்பக்கத்துக்குப் போய், பின் மறைந்தது. ‘கடத்தல்காரர்’ என்று படித்த வாசகரில் எத்தனை பேர் ஆணையத்தின் பரிந்துரையைப் படித்திருப்பர்? செய்தித் துல்லியத்தில் இதுவும் ஒரு குறை. எழுதியது சரியா என்பதுடன், தொடங்கியதைத் தொடர்ந்து எழுதினார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

வாச்சாத்தியும் ஐதராபாத்தும்

முதல் செய்தியும் இறுதி முடிவும் வேறுபடுவதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்தியில், 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டைகளைத் தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தனர். மலைவாழ் மக்கள் தாக்கப்பட்டனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அரசுத் தரப்பு தொடக்கத்தில் இதை மறுத்தது. சந்தனக் கடத்தல் கிராமம் என்ற பெயரே அவ்வூருக்கு வைக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் 1995இல் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணைக்கு ஆணையிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உண்மை நிலைநாட்டப்பட 19 ஆண்டுகளும், உறுதிபெற மேலும் 12 ஆண்டுகளும் ஆயின.

2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே ஒரு கொடிய வழக்கில் கைதான நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆயுதத்தைப் பறித்துத் தாக்கியதால் சுட்டதாகக் காவல்துறை கூறியது. பல ஊடகங்கள் கொண்டாடின. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையம், 2022இல் வெளியான அறிக்கையில் அந்த விவரத்தை ஏற்கவில்லை. கொல்லும் நோக்குடனேயே சுடப்பட்டதாகக் கண்டது.

இவற்றைக் கொண்டு சேஷாசலத்திலும் அவ்வாறே நடந்தது என்று முடிவு செய்துவிட முடியாது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனிச் சான்று தேவை. ஆனால் முதல் நாள் அறிக்கையை இறுதி உண்மையாக எழுதக்கூடாது என்பதற்கு இவை போதிய காரணங்கள்.

முரண்பாடுகள் தோன்றும் விதம்

எல்லா முரண்பாடுகளும் கெட்ட எண்ணத்தால் வருவன அல்ல. மாவட்டச் செய்தியாளர் நாள்தோறும் காவல் நிலையத்தை நம்பித்தான் செய்தி சேகரிக்கிறார். அத்தொடர்பைக் கெடுத்துக்கொள்ளத் தயங்குகிறார். செய்தியை முந்தித் தர வேண்டிய அவசரம் உள்ளது. செய்தி நிறுவனம் அனுப்பும் ஒரே வாசகத்தைப் பல பத்திரிகைகள் எடுத்தாள்வதால், ஒரே மூலம் பத்து மூலங்களைப் போலத் தோன்றுகிறது. மொழிபெயர்ப்பில் ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் சிதைகின்றன. மலையூர்களுக்குச் செல்ல நேரமும் செலவும் ஆகும். தொலைபேசியில் கிடைக்கும் அதிகாரியின் குரலே முதலில் வந்து சேருகிறது. ஜமுனாமரத்தூருக்கு மேலே உள்ள ஒரு சிற்றூரில் கணவனை இழந்த பெண்ணின் குரல் மூன்று நாள் கழித்து வருகிறது.

இந்தியப் பத்திரிகை மன்றத்தின் இதழியல் நடத்தை நெறிகளில் முதலில் வைக்கப்பட்டிருப்பது துல்லியமும் நடுநிலையும்தான். வெளியிடுமுன் சரிபார்ப்பது, பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்பது, பிழை கண்டால் திருத்தத்தை உரிய முக்கியத்துவத்துடன் வெளியிடுவது ஆகியவை அதில் உள்ளன. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இம்மன்றம் கண்டிக்கலாம், எச்சரிக்கலாம். தண்டிக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே துல்லியத்தைக் கேட்டுப் பெறும் பொறுப்பில் ஒரு பங்கு வாசகரிடமும் இருக்கிறது.

வாசகர் கவனிக்க வேண்டியவை

முரண்பட்ட செய்திகளைப் படிப்பவர் கீழ்க்காணும் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. இதைச் சொல்பவர் யார்? அவர் நேரில் கண்டவரா, கேட்டறிந்தவரா? சொல்வதால் அவருக்கு நன்மை உண்டா?

2. தலைப்பில் உள்ள உறுதி செய்தியின் உள்ளேயும் இருக்கிறதா? அல்லது உள்ளே ‘என்று கூறப்படுகிறது’ என இருக்கிறதா?

3. ஆட்களைக் குறிக்கும் சொல் குற்றத்தை முன்கூட்டியே தீர்மானிக்கிறதா?

4. பல பத்திரிகைகளில் வந்த செய்தி பல மூலங்களிலிருந்து வந்ததா, ஒரே மூலத்தின் பல படிகளா?

5. எல்லாத் தரப்பும் ஒப்புக்கொள்ளும் விவரங்கள் எவை? சேஷாசலத்தில் இறந்தோர் எண்ணிக்கை, நாள், இடம் ஆகியவற்றில் வேறுபாடு இல்லை. எப்படி, ஏன் என்பவற்றிலேயே வேறுபாடு. ஒத்த பகுதியை முதலில் பிரித்துக்கொண்டால் எதை ஐயுற வேண்டும் என்பது தெளிவாகும்.

6. நமக்குப் பிடித்த செய்தியையும் இதே அளவுகோலால் சோதித்தோமா?

கடைசிக் கேள்வியே எல்லாவற்றிலும் கடினமானது. தம் மொழிக்காரர் இறந்தார் என்றால் ஒரு விவரத்தையும், தம் மாநிலக் காவலர் சுட்டார் என்றால் இன்னொரு விவரத்தையும் நம்புவது இயல்பு. அந்த இயல்பைத்தான் ஊடகங்களும் பின்பற்றின.

பின்விளைவுகள்

2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பேரின் உடல்கள் கிடைத்தன. அவர்கள் சேலம் மாவட்டக் கல்வராயன் மலைப் பகுதியினர். அப்போதும் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்ற சொற்களுடன்தான் செய்தி தொடங்கியது. எப்படி இறந்தார்கள் என்ற கேள்வி பின்னால் வந்தது.

‘கடத்தல்காரர்’ என்ற முத்திரையின் சுமையை இறந்தவர்களோடு, இருப்பவர்களும் சுமக்கின்றனர். தாழ்ந்த கூலிக்கு வெளியூர் செல்லும் ஜவ்வாது மலை இளைஞர், தம் ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஐயத்துடன் பார்க்கப்படும் நிலை அதனால் ஏற்படுகிறது. அதே மலையிலிருந்து கட்டட வேலைக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் செல்பவர்களும் அதே பேருந்தில்தான் ஏறுகின்றனர். செய்தியில் ஒரு சொல்லைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது இலக்கணத் திருத்தம் போன்ற சிறு வேலையன்று. விசாரணை வேண்டுமா வேண்டாமா என்று ஒரு சமூகம் முடிவு செய்வதே அச்சொல்லைப் பொறுத்து அமைகிறது.